வராத வண்டிக்குச் சான்றிதழ்

ஜூன் 9, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? நோட்டிடமா? மணி பன்னிரண்டே கால். தமிழரசிக்கு இப்போதுதான் இருமல் அடங்கியது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஓர் இருமல்.

காரணம் எனக்குத் தெரியும். கீழே முத்துகிருஷ்ணன் கடை ஜெனரேட்டர். கரண்ட் போனால் எங்கள் ஜங்லிகாட் பகுதியில் எல்லாக் கடையிலும்தான் ஓடுகிறது, ஆனால் இவருடைய ஜெனரேட்டரின் புகைக்குழாய் மட்டும் நேராக எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புகை. மனு எழுதி முடித்துவிட்டேன். "காற்றில் கார்பன் மோனாக்சைடு எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அரசு வகுத்த தரம்" என்று முதல் வரியிலேயே போட்டேன். சுதாகர் எட்டிப் படித்துவிட்டு, "கெமிஸ்ட்ரி படிச்சவளைக் கட்டிக்கிட்டா மூச்சு விடவே பர்மிஷன் வாங்கணும் போல" என்றார். சிரிக்கவில்லை நான். பிறகு சிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனுவைக் கொடுத்தாயிற்று. வாங்கியவர், கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு என்ன மேடம் பொல்யூஷன், காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்றார். எல்லோரும் சொல்வதுதான். நான் வேலை பார்க்கும் புகைச் சோதனை சென்டருக்கு வண்டி கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

கராச்சர்மாவில் பஸ் இறங்கி சென்டருக்குப் போகும்போதே தெரிந்தது, இன்று கப்பல் வந்திருக்கிறது. முதலாளி சந்திரமோகன் அண்ணன் மேஜையில் வெளித்தீவுக் கவர்கள். ஆறு வண்டி. ஆறும் "போட்டோ சர்டிபிகேட்".

இதை இதுவரை எழுதியதே இல்லை. எழுதிப் பார்க்கலாம். வெளித்தீவில் புகை சோதிக்கும் சென்டர் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புதுப்பிக்க முடியாது. ஒரு வண்டியைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவர இடம் கிடைக்க மாதக் கணக்காகும். அதனால் அவர்கள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அண்ணன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தன் காரின் நம்பர் பிளேட் மேல் ஒட்டுவார். நான் கேமராவில் படம் பிடிப்பேன். சோதனைக் குழாயை அண்ணன் காரின் புகைக்குழாயில் செருகுவேன். அந்தக் கார் நல்ல கார். ஒருநாளும் ஃபெயில் ஆகாது. மெஷின் காட்டும் புகை எண் யாரோ ஒருவர் வண்டியின் பேரில் அரசாங்கக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கென்று அண்ணன் கூடுதலாக ஒன்றும் வாங்குவதில்லை. "நம்ம தீவுக்காரனுக்கு நாமதான் செய்யணும், மெயின்லேண்ட்காரனா வந்து செய்வான்?" என்பார். எனக்கும் அது சரியென்றே படும். உதவிதானே.

எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஜூன் 18, புதன்

கட்சால் தீவிலிருந்து என் நாத்தனார் பானு வருகிறாள். எட்டாம் மாதம். பிரசவம் இங்கேதான். சுதாகர் ஷிப்பிங் ஆபீசில் இருப்பதால் கப்பலில் படுத்து வர பங்க் டிக்கெட் கிடைத்தது. அத்தை, சுதாகரின் அம்மா, துணைக்கு வருவதாக இருந்தது, அவருக்கு டிக்கெட் இல்லை. கப்பலில் பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருத்தி வருகிறாளாம்.

தமிழரசியின் பழைய சட்டைகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்தேன். பானு போனில், "அண்ணி, ஆம்பளப் புள்ளன்னா என்ன செய்வீங்க, எல்லாம் ரோஸ் கலரா இருக்கே" என்றாள். ரோஸ் போட்டால் அவன் என்ன கோர்ட்டில் கேஸா போடப் போகிறான் என்றேன். அவள் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது.

ஜூன் 23, திங்கள்

பானு வந்துவிட்டாள். முகம் சரியில்லை. இரண்டு நாளாகப் பிள்ளை அசையவில்லை என்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

ஜூன் 24, செவ்வாய்

இதயத்துடிப்பு இல்லை என்றார்கள்.

ஆண் பிள்ளை.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு அழைத்து வந்தோம். பானுவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். நான்தான் துணி வைத்து இறுக்கிக் கட்டிவிடுகிறேன். ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது, சில சமயம் இப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்வரன், பானுவின் கணவர், அடுத்த கப்பலுக்கு டிக்கெட் கிடைக்காமல் அங்கேயே போனைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

அத்தை போன் செய்தார். அவர் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் பானு மேல் விழுகிறது. கட்சால் ஜெட்டித் துறையில் கப்பலுக்குக் காத்திருந்தபோது எழுந்து நடக்கச் சொன்னாராம், இவள் கேட்காமல் படுத்தே கிடந்தாளாம். "அஞ்சு மணி நேரம் வேனுக்குள்ளேயே கெடந்தா. சாப்பிடவும் ஏலாதுன்னுட்டா. எனக்கே தலைய இடிச்சிருச்சி, வாந்தி எடுத்தேன். எறங்கி காத்துல நின்னதும் சரியாப் போச்சி. அவளும் எறங்கி நடந்திருந்தா…"



எந்த வேன் அத்தை என்று கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லை.

பானுவின் சித்தப்பா வேன்தான் என்றார். மழையாம். கண்ணாடியெல்லாம் ஏற்றி விட்டிருந்ததாம். பானுவுக்கு வேர்க்கிறதென்று ஃபேன் ஓடுவதற்காக எஞ்சினை அணைக்கவே இல்லையாம்.

ஜூன் 30, திங்கள்

சென்டரில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மார்ச் 11. வெள்ளைச்சாமி மாமாவின் பெட்ரோல் வேன். கார்பன் மோனாக்சைடு 0.21 சதவீதம். எல்லை 0.5. தேர்ச்சி. கீழே ஆபரேட்டர் என்று என் பெயர்.

மாமா சுதாகருக்கும் பானுவுக்கும் சித்தப்பா. மார்ச்சில் அவரே போன் செய்து கேட்டார். அப்போது ஒன்று சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லாமல் இருந்திருக்கலாம். "பின்னாடி சீட்டுல உக்காந்தா கொஞ்சம் பொக வாட அடிக்குதும்மா, அதுக்கு ஒண்ணும் ஆவாதே?" அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் மாமா என்றேன். என்னத்தைப் பார்த்தேன்?

வேன் இங்கே வந்திருந்தால் முதல் வேலையே அதுதான். புகைக்குழாய் நுனியைத் துணியால் அழுத்திப் பிடித்து, நடுவில் எங்காவது புஸ்ஸென்று கசிகிறதா என்று குனிந்து பார்ப்போம். கசிவு இருந்தால் சோதனையே செய்யக் கூடாது. முதலில் வெல்டிங்குக்கு அனுப்ப வேண்டும். குனிந்து பார்க்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தானே சட்டம் போட்டிருக்கிறான்.

தாயின் ரத்தத்தைவிட வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் கார்பன் மோனாக்சைடை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் வருடத்தில் படித்தேன். பரீட்சைக்கு எழுதினேன். நல்ல மார்க்.

அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தாலும் இரண்டு நாள் கழித்து ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

ஜூலை 3, வியாழன்

என் மனுவைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். முத்துகிருஷ்ணன் ஜெனரேட்டர் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்திவிட்டார். சண்டை போடக்கூட இல்லை, "பாப்பாவுக்கு ஆகலைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். தமிழரசிக்கு இருமல் குறைந்திருக்கிறது.

என் பிள்ளைக்கு நல்ல காற்று வாங்கிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

சுதாகரிடம் சொன்னேன். பத்து நாள் வைத்திருந்தேன், இன்று சோறு போடும்போது வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பானு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத அவகிட்ட சொல்லாத. சொன்னா புள்ள வருமா? அவ உன்னையும் எழந்துருவா, சித்தப்பாவையும் எழந்துருவா. வேற யாரு இருக்கா அவளுக்கு?"

அவர் சொல்வது தப்பில்லை. அது என்மேல் உள்ள பிரியத்தாலும்தான், அதுவும் தெரிகிறது. ஆனால் பானு என்னிடம் தினமும் கேட்கிறாளே. நான் இறங்கி நடந்திருக்கணுமா அண்ணி? பழம் சாப்பிட்டேனே, அதனாலயா? கப்பல்ல ஒருச்சாய்ச்சுப் படுத்தேனே, அதனாலயா? ஒவ்வொன்றுக்கும் இல்லைம்மா இல்லைம்மா என்கிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று இரண்டு போட்டோ சர்டிபிகேட் வந்தது. தலைவலி என்று அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டேன். அண்ணனே செய்திருப்பார், என் பெயரில்.

இது என்ன நேர்மை?

ஜூலை 14, திங்கள்

வெள்ளைச்சாமி மாமாவுக்குப் போன் செய்தேன். வேனைக் கண்ணாடி ஏற்றி ஓட்டாதீங்க, யாரையும் பின்னால் உட்கார வைக்காதீங்க, சைலன்சரை மெக்கானிக்கிடம் காட்டுங்க என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. புதன்கிழமை கப்பலுக்குச் சுகமில்லாத இரண்டு பேரை ஜெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அவர்கள் இருக்கும் தோட்டக் குடியிருப்பில் வேறு வண்டி ஏது? மழை வேறு விடவில்லை.

நான் மறுபடி மறுபடி சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"என்னம்மா நீ, வண்டி பாஸுன்னு நீதானே சர்டிபிகேட் குடுத்த. கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கேன், உம் பேரோட. எல்லாருக்கும் காட்டுவேன், எங்க மருமக கையெழுத்துன்னு."

அதற்குப் பிறகுதான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். காரை மாற்றிச் செருகியது, அந்த எண் அவர் வண்டியின் எண்ணே இல்லை என்பது, தலைவலி, வாந்தி, பானு. அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்," என்றார். "சாவிய கெணத்துல போடவா, என்ன செய்ய?"

வண்டியை நிறுத்தி வையுங்கள் மாமா, அது போதும் என்றேன். அந்த இரண்டு பேரையும் திறந்த டிராக்டரில் தார்ப்பாய் பிடித்துக் கொண்டுபோவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இனி பானுவிடம் நான் சொல்லாவிட்டால் அவர் வாயிலிருந்து போய்ச் சேரும்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில், சுதாகர் ஆபீஸ் போன பிறகு. தமிழரசி அவள் மடியில் இருந்தாள். பிள்ளையை இறக்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. ஏதோ ஒரு தைரியத்துக்காக அவள் மடியிலேயே விட்டிருந்தேனோ என்றும் இப்போது நினைக்கிறேன். அப்படியென்றால் அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. வண்டி வராமலே எப்படி எண் வரும் என்று கேட்டாள். விளக்கினேன். நம்பர் பிளேட் பிரிண்ட் எடுத்து ஒட்டுவோம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. எல்லோருக்கும் இப்படித்தானா என்றாள். வெளித்தீவுக்காரர்களுக்கு மட்டும் என்றேன்.

"அப்ப எங்களுக்கு மட்டும்தான்," என்றாள்.

தமிழரசியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடியே கேட்டாள்: "சித்தப்பா வேனோட உண்மையான புகை நம்பர் என்ன அண்ணி?"

எனக்குத் தெரியாது பானு. யாருமே பார்க்கல.

பிள்ளையை என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 17, வியாழன்

நேற்றே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு போட்டோ சர்டிபிகேட் பட்டியல் எடுத்தேன். இரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று வண்டி. சந்திரமோகன் அண்ணன் தடுக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "அரே, நீ நல்லவளாயிட்டம்மா. நாப்பத்து மூணு பேர் வண்டி நிக்கும். அதுல ஆஸ்பத்திரிக்குப் போறவன் எத்தன பேரு, யோசிச்சியா?" என்றார். யோசித்தேன் அண்ணா. அதுதான் பயமாக இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன். எங்களில் ஒருவர் கெட்டவராக இருந்திருந்தாலாவது இது நின்றிருக்கும்.

இன்று போக்குவரத்து ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி அம்மா முழுதும் படித்துவிட்டு, உங்கள் பெயரும் இதில் இருக்கிறது, தெரியும்தானே என்று இந்தியில் கேட்டார். தெரியும் என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு நாற்பத்து மூன்று வரியையும் ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே போனார். வெளித்தீவுக்கு ஒரு சோதனைக் கருவி அனுப்பும்படி தன் பங்குக்கு நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ஒரு வரிகூட நான் எழுதிக் கேட்டதில்லை. என் ஜன்னலுக்கு மட்டும் மனு எழுதினேன்.

ஜூலை 25, வெள்ளி

ஈஸ்வரன் வந்து பானுவை அழைத்துப் போனார். அவருக்கும் எல்லாம் தெரியும். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஜெட்டி வரை போனேன். தமிழரசி அத்தை அத்தை என்று கையை நீட்டினாள். பானு அவளுக்கு முத்தம் கொடுத்தாள். என்னிடம் பையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். ரோஸ் சட்டைகளை மடித்தபடியே அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சுதாகருடன் வீடு திரும்பினேன். வீட்டு வாசலில், "நான் சொல்லாதன்னேன். ஆனா நீ சொல்லாம இருந்திருந்தா நான் உன்ன எப்படிப் பாத்திருப்பேன்னு தெரியல" என்றார். அது மன்னிப்பா, கோபமா, கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சென்டரின் உரிமம் நிறுத்தம். என் ஆபரேட்டர் லாகின் ரத்து. விசாரணைக்கு இருமுறை போய் வந்தேன். நாற்பத்து மூன்று சான்றிதழும் செல்லாதென்று ஆணை. வெளித்தீவில் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்களாம். ஷிப்பிங் ஆபீசில் டிக்கெட் வாங்க வருகிறவர்கள் சுதாகர் காதுபடவே பேசுகிறார்கள்.

பானுவுக்கு மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்து நிற்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

அத்தை பேசினார். என்னிடம் இல்லை, மகனிடம். போனை வைக்கும்முன், "அவளச் சாப்பிடச் சொல்லு" என்றாராம். அத்தை இப்போது பானுவை ஒன்றும் சொல்வதில்லையாம். படுத்தே கிடந்தாய் என்ற பேச்சை விட்டுவிட்டாராம். அந்த ஒன்றுக்காகவாவது சொன்னது சரிதான் என்று இன்று ஒரு மணி நேரம் நம்பினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெள்ளைச்சாமி மாமா வேனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தானே கூட வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் இடத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். வேறு ஒரு சென்டரில் சோதனை. நானும் போனேன், ஓரமாக நின்றேன். முடிந்ததும் மாமா அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "இத நான் கொண்டுபோய்க் குடுத்தா பானு எங்கிட்ட வாங்க மாட்டா. நீயே எழுதும்மா" என்றார். நாளை கப்பலில் அவரோடு போய், அத்தை கையால் பானுவிடம் சேரும் கடிதம் இது. இங்கே ஒரு நகல் எழுதி வைக்கிறேன்.

பானுவுக்கு,

நீ கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது.

பின் சீட்டுக்கு நேர் கீழே, புகைக்குழாய் சேரும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு ஓட்டை. அதன் மேல் இருக்கும் தரைத் தகடும் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது. அந்த நிலையில் சோதிக்கக் கூடாது என்பதால் குழாயை முதலில் ஒட்டவைத்தார்கள். அதன் பிறகு அளந்தார்கள். 5.8 சதவீதம். அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாத இடத்தில்.

இது அக்டோபர் மாத எண். ஜூன் மாதம் என்னவாக இருந்தது, மார்ச்சில் என்னவாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மார்ச்சில் அதைத் தெரிந்துகொள்வதுதான் என் வேலை. நான் செய்யவில்லை. இதனால்தான் பிள்ளை போயிற்று என்று நான் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நீ படுத்திருந்ததால் இல்லை. பழத்தால் இல்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்த மாதம் கட்சாலுக்கு ஒரு சோதனைக் கருவி கப்பலில் வருகிறதாம். மூன்று நாள் ஜெட்டியில் இருக்கும். அதிகாரி அம்மா நேற்றுச் சொன்னார். அதை இயக்க எனக்கு உரிமை இல்லை. வண்டி நம்பர் குறித்துக்கொள்ள, வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தமிழில் விளக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. அது உன் ஊர். உன் வீட்டைத் தாண்டித்தான் நான் நடக்க வேண்டியிருக்கும். நீ வேண்டாமென்றால் வரவில்லை, வேறு யாராவது போவார்கள். அடுத்த வாரம் இதே கப்பல் திரும்பி வந்ததும் அவர்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

வரலாமா, வேண்டாமா. ஒரு வார்த்தை போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி
வைஜெயந்தி